ஸ்டெஃபான் மார்பரியின் சீன ஆண்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2009-10 பருவம் தொடங்கியபோது ஸ்டெஃபான் மார்பரிக்கு வயது 32. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் பதின்மூன்று பருவங்கள் ஆடி, ஆட்டத்துக்குச் சராசரியாக 19.3 புள்ளிகளும் 7.6 அசிஸ்டுகளும் (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுக்கும் பந்துகள்) எடுத்து, 15 கோடி டாலருக்கும் அதிகமான ஊதியம் பெற்றிருந்த அவர், அந்தப் பருவத்தில் எந்த என்பிஏ அணியிலும் இல்லை. திறமைசாலி, ஆனால் தன்னலக்காரர். அவரை வைத்துக்கொண்டு எந்த அணியும் வெல்ல முடியாது என்பதே அமெரிக்கக் கூடைப்பந்து உலகம் அவரைப் பற்றி எழுதி முடித்திருந்த தீர்ப்பு. அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள் அதே மனிதர் அதுவரை சீன லீக் பட்டம் ஒன்றைக்கூடக் கண்டிராத பெய்ஜிங் அணிக்கு மூன்று பட்டங்களைப் பெற்றுத் தந்தார். அந்நகரின் விளையாட்டரங்கத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலையும் வைத்தார்கள்.

இந்தத் திருப்பத்தை விளக்க வழக்கமாகச் சொல்லப்படும் கதை எளிமையானது. ஆணவக்காரர் அடிபட்டார், திருந்தினார், வென்றார் என்பதே அது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கதை மட்டுமே போதும் என்றால், பெய்ஜிங்குக்கு முன் சீனாவிலேயே அவர் ஆடிய இரண்டு அணிகள் ஏன் வெல்லவில்லை என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. மார்பரியின் ஆட்டத்தைவிட அவர் ஆடிய சூழலே அதிகம் மாறியது என்பதும், அந்தச் சூழலில் ஊன்றி நிற்பது என்று அவர் எடுத்த முடிவே அவருடைய சொந்தப் பங்கு என்பதும் இவ்வாய்வின் கருத்து.

கோனி ஐலண்டின் ஆறாவது பிள்ளை

மார்பரி 1977 பிப்ரவரி 20 அன்று பிறந்தார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், கடலோரத்தில், அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கும் கோனி ஐலண்டில் வளர்ந்தார். ஏழு பிள்ளைகளில் அவர் ஆறாவது. அவருடைய அண்ணன்களில் மூவர் அவருக்கு முன்பே பந்தைக் கையில் எடுத்துப் பள்ளியிலும் கல்லூரியிலும் பெயர் வாங்கியவர்கள்; ஆனால் மூவரில் ஒருவரும் என்பிஏவின் வாசலை எட்டவில்லை. அண்ணன்களின் கையிலிருந்து நழுவியதைத் தம்பி பிடித்துக் கொடுத்தாக வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தில் வெளிப்படையாகவே பேசப்பட்ட எதிர்பார்ப்பு. பள்ளிப் பருவத்திலிருந்தே செய்தியாளர்களும் கல்லூரிப் பயிற்சியாளர்களும் அவரைத் தேடி வந்தார்கள். ஆபிரகாம் லிங்கன் உயர்நிலைப் பள்ளியை 1995-இல் நகரப் பட்டம் வெல்லச் செய்த அவர், ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஒரே ஓர் ஆண்டு ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்துவிட்டார். ஒரு பத்தொன்பது வயது இளைஞன் சம்பாதிக்கப்போகும் பணம் ஒரு பெரிய குடும்பம் முழுவதன் கணக்காக இருந்தது என்பதை, பின்னால் அவர் ஊதியத்துக்காகப் போட்ட சண்டைகளைப் படிக்கும்போது மறந்துவிடக் கூடாது.

1996-ஆம் ஆண்டின் டிராஃப்ட் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) என்பிஏ வரலாற்றின் மிக வளமான டிராஃப்டுகளில் ஒன்று. ஆலன் ஐவர்சன் முதலிடத்திலும், கோபி பிரையன்ட் பதின்மூன்றாவது இடத்திலும், ஸ்டீவ் நாஷ் பதினைந்தாவது இடத்திலும் தேர்வானார்கள். நான்காவதாக மில்வாக்கி அணியால் எடுக்கப்பட்ட மார்பரி, ஐந்தாவதாக வந்த ரே ஆலனுக்கு மாற்றாக அன்றே மினசோட்டா அணிக்குக் கைமாறினார். அங்கே இளம் நட்சத்திரமான கெவின் கார்னெட் இருந்தார். அவர்கள் சேர்ந்து ஆடிய முதல் பருவத்தில் அந்த அணி தன் வரலாற்றில் முதல்முறையாக, முன்னணி அணிகள் மட்டும் பட்டத்துக்காக மோதும் பிளேஆஃப் சுற்றைக் கண்டது. இரண்டாவது பருவத்தில் 45 வெற்றி, 37 தோல்வி என்று முதல்முறையாகத் தோல்வியைவிட வெற்றியை அதிகம் பெற்றது. இருவரும் பத்து ஆண்டுகள் ஒன்றாக ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்பிஏ ரசிகர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

அதைக் கெடுத்தது பணம் என்று சொல்வதைவிட, பணத்தின் விதி நடுவில் மாறியது என்று சொல்வது சரியாக இருக்கும். 1997 அக்டோபரில் கார்னெட் ஆறு ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவ்வளவு பெரிய தொகையைக் கண்டு மிரண்ட உரிமையாளர்கள் 1998 ஜூலையில் லீக்கையே கதவடைப்புச் செய்தார்கள். 1999 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டபோது தனி வீரரின் ஊதியத்துக்கு உச்சவரம்பு வந்திருந்தது. கார்னெட்டின் பழைய ஒப்பந்தம் அப்படியே நின்றது. மார்பரிக்கு அதே ஆறு ஆண்டுகளுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் 7.1 கோடி டாலர் அளவில் முடங்கியது. இரண்டாம் இடத்தில் இருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு அருகில் ஆட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. 1999 மார்ச்சில் மூன்று அணிகளுக்கிடையே நடந்த கைமாற்றத்தில் அவர் நியூ ஜெர்சி நெட்ஸுக்குப் போனார். தன்னலக்காரர் என்ற முத்திரை அன்று விழுந்தது.

அவர் போன பிறகு உயர்ந்த அணிகள்

நெட்ஸில் அவருடைய தனி ஆட்டம் உச்சத்தில் இருந்தது. 2001 பிப்ரவரியில் வாஷிங்டனில் நடந்த, லீக்கின் கிழக்கு, மேற்கு நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் 21 புள்ளிகள் பின்தங்கிக் கிடந்த கிழக்கு அணியை, கடைசி நிமிடத்தில் போட்ட, மூன்று புள்ளி தரும் இரண்டு எறிவுகளால் 111-110 என்று கரைசேர்த்தவர் அவர்தான். ஆனால் அதே பருவத்தில் நெட்ஸ் பெற்றது 26 வெற்றி, 56 தோல்வி. அந்தக் கோடையில் நெட்ஸ் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்து ஜேசன் கிட்டை வாங்கியது. அடுத்த பருவத்தில் அதே நெட்ஸ் 52 ஆட்டங்களை வென்று இறுதிச்சுற்று வரை போனது. அதற்கு அடுத்த ஆண்டும் போனது. ஃபீனிக்ஸ் 2004 ஜனவரியில் அவரை நியூயார்க் நிக்ஸுக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கோடையில் ஸ்டீவ் நாஷை எடுத்தது. 29 வெற்றியிலிருந்து ஒரே பருவத்தில் 62 வெற்றிக்குப் பாய்ந்தது.

ஒரு வீரருக்கு எதிராக இதைவிடக் கடுமையான சாட்சியம் இருக்க முடியாது என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள். இன்று நிதானமாகப் பார்த்தால் கணக்கில் ஓட்டைகள் தெரிகின்றன. கிட் வந்த பருவத்தில்தான் நெட்ஸில் காயமடைந்திருந்தவர்கள் திரும்பினார்கள். ரிச்சர்ட் ஜெஃபர்சனும் புதிதாகச் சேர்ந்தார். நாஷ் வந்த பருவத்தில்தான் வெளிவட்டத்தில் ஆடுபவரைக் கைவைத்துத் தடுப்பதை நடுவர்கள் கண்டிப்புடன் தண்டிக்கத் தொடங்கினார்கள். ஆனால் இந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்த பிறகும் ஓர் உண்மை மிஞ்சுகிறது. கிட், நாஷ் இருவருமே பந்தைத் தொட்டவுடன் மற்ற நால்வரை நோக்கிப் பார்ப்பவர்கள். மார்பரி கூடையை நோக்கிப் பார்ப்பவர். அவர் முதன்மை வீரராக இருந்த எந்த என்பிஏ அணியும் ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட வென்றதில்லை.

நியூயார்க் அத்தியாயத்தை விரித்து எழுதினால் அதுவே ஒரு தனிக் கட்டுரையாகிவிடும். சொந்த ஊரின் நாயகனாக வந்தவர், ஐந்து ஆண்டுகளில் அந்த ஊரின் எல்லாத் தோல்விகளுக்கும் முகமானார். அந்தக் காலத்தில் ஆறு பேர் நிக்ஸின் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் அமர்ந்தார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினுக்கு எதிரான காலிறுதியில் மார்பரி 31 புள்ளிகள் எடுத்து அமெரிக்க அணியைக் காப்பாற்றினார். அந்த அணியின் பயிற்சியாளரான லாரி பிரவுனே அடுத்த ஆண்டு நிக்ஸுக்கு வந்தார். இருவரும் செய்தியாளர்கள் வழியாகச் சண்டையிட, அணி 23 வெற்றி, 59 தோல்வியில் முடிந்தது. பிரவுனுக்குப் பின் ஐசையா தாமஸ், அவருக்குப் பின் மைக் டான்டோனி. டான்டோனியின் பருவத்தில், ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்கும் மேல் ஊதியம் பெற்ற மார்பரி, அணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டு ஒரு நிமிடமும் ஆடாமல் இருந்தார். டான்டோனியே அமெரிக்காவில் நிலைக்க முடியாமல் இத்தாலிக்குப் போய், மிலானோ அணியில் ஆடி இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பை வென்று பெயர் எடுத்தவர் என்பதை இங்கே குறித்துவைக்கலாம்.

இதற்கிடையே இரண்டு நிகழ்வுகள். 2006-இல் மார்பரி தன் பெயரில் ஸ்டார்பரி என்ற காலணியைக் கொண்டுவந்தார். விலை 14 டாலர் 98 சென்ட். நட்சத்திர வீரர்களின் பெயர் தாங்கிய காலணிகள் நூறு டாலரையும் தாண்டி விற்ற காலத்தில், கோனி ஐலண்டில் ஒரு தாய் யோசிக்காமல் வாங்கிக் கொடுக்கக்கூடிய விலை அது. கடையில் விற்ற அதே ஜோடியைத்தான் தானும் களத்தில் அணிவதாக அவர் சொன்னார், அணிந்தும் ஆடினார். அதை விற்ற ஸ்டீவ் அண்ட் பேரிஸ் கடைச் சங்கிலி 2008-இல் திவாலானதால் அந்த முயற்சி அமெரிக்காவில் முடங்கியது. இரண்டாவது நிகழ்வு 2007 டிசம்பர் 2 அன்று நடந்தது. நிக்ஸின் அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மகன் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தின்போது தந்தைக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட அவர் இறந்துபோனார். அதை அடுத்த காலத்தில் வாழவே விருப்பமில்லாத நிலைக்குத் தான் போயிருந்ததைப் பின்னாளில் மார்பரியே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2009 பிப்ரவரியில் நிக்ஸிடமிருந்து விடுவிக்கப்பட்டு, பாஸ்டன் அணியில் மாற்று வீரராகச் சில மாதங்கள் ஆடினார். அந்தக் கோடையில் இணையத்தில் மணிக்கணக்காக நேரலையில் தோன்றி, அழுதும், வாஸ்லின் களிம்பை வாயில் போட்டுக்கொண்டும் அவர் நடந்துகொண்ட காட்சிகள் உலகம் முழுவதும் கேலிப்பொருளாயின. சிரித்தவர்களில் பெரும்பாலோர் அதை நோயின் அறிகுறியாகப் பார்க்கவில்லை.

தையுவானும் ஃபோஷானும்

2010 ஜனவரியில், சீன லீக்கான சிபிஏவில் ஆடிய ஷான்ஷி மாகாணத்தின் அணியில் மார்பரி சேர்ந்தார். அணியின் ஊர் தையுவான்; நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர்பெற்ற வடசீன நகரம். காலணி வணிகத்தைச் சீனாவில் உயிர்ப்பிக்கலாம் என்ற கணக்கும் அந்தப் பயணத்தில் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. அங்கே 15 ஆட்டங்களில் சராசரியாக 22.9 புள்ளிகளும் 9.5 அசிஸ்டுகளும் எடுத்தார். அந்த ஆண்டின் சிபிஏ ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் சிறந்த வீரராகவும் தேர்வானார். ஆனால் ஷான்ஷி அணி அடுத்த பருவத்துக்கு அவரை வைத்துக்கொள்ளவில்லை. 2010 டிசம்பரில் தெற்கே குவாங்டாங் மாகாணத்தின் ஃபோஷான் அணிக்கு மாறினார். அங்கும் புள்ளிகள் குவிந்தன. அணி பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை.

இந்த ஒன்றரைப் பருவத்தைப் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. இவ்வாய்வுக்கு அதுவே முக்கியமான இடம். மார்பரி அப்போதே மனத்தளவில் தேறியிருந்தார், சீன ரசிகர்கள் அவரை அன்போடு ஏற்றிருந்தார்கள், எடுத்த புள்ளிகளும் குறைவில்லை. ஆனாலும் நியூ ஜெர்சியில் நடந்ததே நடந்தது: பலவீனமான அணி, பந்து முழுக்க ஒருவர் கையில், தோல்வி. மனமாற்றம் மட்டுமே பட்டம் தரும் என்றால் தையுவானில் வந்திருக்க வேண்டும்.

அங்கே வேறொன்று நடந்தது. சீன அணிகளுக்கு அன்று வந்துபோன அமெரிக்க வீரர்கள் பெரும்பாலும் நான்கைந்து மாத ஒப்பந்தத்தில் வந்து, ஹோட்டலில் தங்கி, பருவம் முடிந்த மறுநாள் விமானம் ஏறுபவர்கள். பாதிப் பருவத்தில் ஊதியத் தகராறு வந்தோ, சாப்பாடும் குளிரும் ஒத்துக்கொள்ளாமலோ கிளம்பியவர்களும் உண்டு. அணி நிர்வாகங்களும் அவர்களை அப்படியே நடத்தின: இரண்டு ஆட்டம் தோற்றால் வெளிநாட்டு வீரரை மாற்று என்பதே வழக்கம். மார்பரி இரண்டு முறை அணி இழந்தும் மூன்றாவது முறையாக அதே லீக்கில் இடம் தேடினார். 2011-இல் பெய்ஜிங் டக்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது.

பெய்ஜிங்கில் என்ன இருந்தது

சிபிஏ 1995-இல் தொடங்கியது. முதலில் ராணுவ அணியான பாயி ராக்கெட்ஸும், பிறகு குவாங்டாங் அணியும் அதை ஆண்டுகொண்டிருந்தன; 2004 முதல் 2011 வரையான எட்டுப் பட்டங்களில் ஏழு குவாங்டாங்குக்கு. தலைநகரின் அணி ஒருமுறைகூட வென்றதில்லை. ஆனால் அது மோசமான அணி அல்ல. மின் லூலெய் என்ற பயிற்சியாளரின் கீழ் ஒழுங்காக ஆடும், நல்ல எறிவாளர்களைக் கொண்ட, கடைசி நேரத்தில் ஆட்டத்தை முடித்துவைக்க ஆள் இல்லாத அணி அது.

இங்கே சிபிஏவின் ஒரு விதியை விளக்க வேண்டும். அன்று ஒவ்வோர் அணியும் இரண்டு வெளிநாட்டு வீரர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் ஓர் ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளையும் சேர்த்து அவர்கள் இருவரும் களத்தில் இருக்க முடிந்தது ஆறு கால்பகுதி அளவுக்குத்தான். ஒருவர் நான்கு கால்பகுதியும் ஆடினால் மற்றவருக்கு இரண்டுதான் மிஞ்சின. ஆட்டம் முடிவாகும் கடைசிக் கால்பகுதியில் ஒரே ஒரு வெளிநாட்டவருடன் நான்கு உள்நாட்டு வீரர்கள் நின்றார்கள். எனவே வெளிநாட்டு நட்சத்திரம் எவ்வளவு புள்ளி எடுத்தாலும், பட்டம் எங்கே போகும் என்பதைத் தீர்மானித்தது உள்நாட்டு நால்வரின் தரமும், அந்த நால்வரோடு அவர் எப்படிப் பொருந்தினார் என்பதும்தான்.

பெய்ஜிங்கின் உள்நாட்டு நால்வரில் ஒருவர் தைவானைச் சேர்ந்த லீ ஷுவே-லின். அவரும் பாயிண்ட் கார்டு. பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தை அமைக்கும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டதால், மார்பரி முதல்முறையாக அந்தச் சுமையில்லாமல் ஆடும் வாய்ப்பைப் பெற்றார். பதின்மூன்று ஆண்டுகளாக என்பிஏ அவரிடம் கேட்டது, ஆட்டத்தை அமைத்துக் கொடுப்பவராகவும் புள்ளி எடுப்பவராகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று. பெய்ஜிங் கேட்டது இரண்டாவதை மட்டும். இன்னொரு வெளிநாட்டு வீரரான ராண்டால்ஃப் மாரிஸ் ஆஜானுபாகுவான சென்டர். கூடைக்கு அருகே அவரைத் தடுக்க எதிரணியில் இருவர் தேவைப்பட்டார்கள். மார்பரியும் மாரிஸும் பிக் அண்ட் ரோல் (ஒருவர் தடுப்பவரை மறித்துவிட்டுக் கூடையை நோக்கிப் பாயும் உத்தி) ஆடும்போது எதிரணி உள்ளே சுருங்க, வெளிவட்டத்தில் இருந்த கேப்டன் சென் லெய், இளைஞர்களான ஜாய் சியாவ்சுவான், ஜூ யான்ஷி ஆகியோர் தடுப்பாரின்றி எறிந்தார்கள். மினசோட்டாவில் கார்னெட்டோடு அமைந்ததற்குப் பிறகு மார்பரியின் பக்கத்தில் இவ்வளவு பொருத்தமான ஆட்கள் அமைந்தது இதுவே முதல்முறை என்று துணிந்து சொல்லலாம்.

2011-12 பருவத்தில் என்பிஏ மீண்டும் கதவடைப்பில் இருந்தது. ஜே. ஆர். ஸ்மித், கென்யன் மார்ட்டின், வில்சன் சாண்ட்லர், ஆரன் புரூக்ஸ் என்று இளமையும் பெயரும் உள்ளவர்கள் சீனாவுக்கு வந்திறங்கினார்கள். முதுமையை நெருங்கிய மார்பரி அவர்களுக்கு நடுவே பின்தங்கிப்போவார் என்று கருதுவது இயல்பாக இருந்தது. பெய்ஜிங் தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்று பருவத்தைத் தொடங்கியது. அந்த லீக்கின் பயணங்களையும், நடுவர்களையும், வெறிச்சோடிய பயிற்சிக்கூடங்களையும் இரண்டு பருவங்களாகப் பழகியிருந்தது எவ்வளவு பெரிய முதலீடு என்பது அப்போதுதான் தெரிந்தது. அரையிறுதியில் எதிரே நின்றது அவரை வேண்டாம் என்று அனுப்பிய ஷான்ஷி அணி; ஐந்து ஆட்டங்கள் வரை இழுத்த அந்தத் தொடரைப் பெய்ஜிங் 3-2 என்று வென்றது. இறுதிச்சுற்றில் குவாங்டாங்கை 4-1 என்று வீழ்த்தியது. 2012 மார்ச் 30 அன்று நடந்த ஐந்தாவது ஆட்டத்தில் 124-121 என்ற வெற்றியில் மார்பரியின் பங்கு 41 புள்ளிகள். ஆட்டம் முடிந்ததும் அவர் அடக்க முடியாமல் அழுதார்.

இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அன்று அவ்விருது உள்நாட்டு வீரர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்ததால் லீ ஷுவே-லினுக்குப் போனது. நியூயார்க்கின் மார்பரியாக இருந்திருந்தால் அந்த இரவு என்ன பேசியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கலாம். இங்கே எந்தச் சண்டையும் எழவில்லை. ஊரார் தங்கள் வழியில் ஈடு செய்தார்கள்: சில வாரங்களில் 2008 ஒலிம்பிக் கூடைப்பந்து நடந்த வூக்கசோங் அரங்கத்துக்கு வெளியே சிலை எழுந்தது.

2013-இல் அணி அரையிறுதியில் ஷான்டாங்கிடம் தோற்றது. 2013-14 பருவத்தில் மார்பரி முழங்கால் காயத்தால் பல வாரங்கள் ஆடவில்லை. முன்பு லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸில் இருந்த சுன் யுவே அணியில் சேர்ந்திருந்தார். மாரிஸும் உள்நாட்டு வீரர்களும் பாரத்தைச் சுமந்தார்கள். திரும்பி வந்த மார்பரியோடு அணி அரையிறுதியில் குவாங்டாங்கை 3-2 என்றும், இறுதியில் சின்ஜியாங்கை 4-2 என்றும் வென்றது. என் பார்வையில் இந்த மூன்றில் மிகச் சிறந்த பட்டம் இதுவே. 2012-இல் மார்பரி அணியைத் தூக்கினார், 2014-இல் அணி அவரைத் தாங்கியது. 2015-இல் லியாவ்னிங்கை 4-2 என்று தோற்கடித்தபோது அவருக்கு வயது 38. இம்முறை இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

நகரத்தின் ஆள்

களத்துக்கு வெளியே நடந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஆனால் அளவோடு. மார்பரி பெய்ஜிங்கில் வீடு எடுத்துத் தங்கினார். சுரங்க ரயிலில் மற்றப் பயணிகளோடு ஏறி இறங்கினார். அவரே வெளியிட்ட அந்தப் படங்கள் சீனச் சமூக வலைத்தளங்களில் பரவின. சீன மொழி அவருக்குச் சரளமாக வந்ததில்லை. பேட்டிகளில் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருப்பார். அது குறையாக யாருக்கும் படவில்லை. ரசிகர்கள் அவரை, படைப்பிரிவில் வீரர்களின் மனவுறுதியைக் கவனிக்கும் அரசியல் அதிகாரியின் பதவிப் பெயரால் அழைத்தார்கள். தோற்கும் நேரத்தில் இளைய வீரர்களைச் சுற்றி நிறுத்திப் பேசுபவர் அவர்தான் என்பது அரங்கத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். 2014-இல் அவருடைய வாழ்க்கை மேடையேறியது. அந்த இசை நாடகத்தில் அவரே அவராக நடித்தார். அதே ஆண்டு நகரின் கௌரவக் குடிமகன் பட்டமும், பிறகு வெளிநாட்டவர் மிகச் சிலருக்கே கிடைக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை அட்டையும் அவருக்குக் கிடைத்தன. அவர் வாழ்க்கையை வைத்துத் திரைப்படமும் வந்தது, அருங்காட்சியகமும் வந்தது.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. தன் நாடு கைவிட்ட ஓர் அமெரிக்கர் சீனாவில் நிம்மதியும் மரியாதையும் கண்டார் என்ற கதை அந்நாட்டு அதிகாரிகளுக்கும் ஊடகங்களுக்கும் மிகவும் பிடித்த கதை. அரசு நாளேடான சைனா டெய்லியில் அவர் பத்தி எழுதினார். அவருக்குக் கிடைத்த மரியாதைகளில் ரசிகர்களின் அன்பு எவ்வளவு, அந்தக் கதையின் பயன்பாடு எவ்வளவு என்று பிரித்தளக்க முடியாது. எனினும், பட்டங்கள் வராமல் கதை மட்டும் இருந்திருந்தால் சிலை எழுந்திருக்காது. பெய்ஜிங் டிக்கெட் வாங்கியது கூடைப்பந்து பார்க்கத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரைச் சொல்லலாம். என்பிஏவின் 1975-ஆம் ஆண்டுச் சிறந்த வீரரான பாப் மெக்கடூ, 1986-இல் இத்தாலியின் மிலானோ அணிக்குப் போய், மேலே சொன்ன டான்டோனியோடு சேர்ந்து 1987, 1988 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார். அவரும் ஒரு காலத்தில் தன்னலக்காரர் என்று பேசப்பட்டவர்தான். ஆனால் அவர் புறப்பட்டபோது இரண்டு என்பிஏ பட்டங்கள் கையில் இருந்தன. நிரூபிக்க எதுவும் மிச்சமில்லை. மார்பரியின் கை வெறுமையாக இருந்தது. வெளிநாட்டில் வென்ற அமெரிக்கர்கள் பலர் உண்டு. வெளிநாட்டில் வென்றதாலேயே தங்கள் பெயரைத் திருத்தி எழுத வைத்தவர்கள் அரிது.

பிரிவும் அதற்குப் பின்பும்

2017-இல் பெய்ஜிங் டக்ஸ் அணி அவரைப் பயிற்சியாளர் குழுவுக்கு மாற்ற விரும்பியது. நாற்பது வயதான அவர் இன்னும் ஆட விரும்பினார். இரு தரப்பும் பிரிய, அதே நகரின் மற்றோர் அணியான பெய்ஜிங் ஃபிளை டிராகன்ஸில் ஒரு பருவம் ஆடி, 2018 பிப்ரவரி 11 அன்று கடைசி ஆட்டத்தில் 20 புள்ளிகள் எடுத்து வெற்றியோடு ஓய்வுபெற்றார். 2020 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனைகள் முகக்கவசம் இல்லாமல் தவித்தபோது, சீனாவில் தனக்குத் தெரிந்த உற்பத்தியாளர்கள் வழியாக ஒரு கோடி என்95 முகக்கவசங்களை ஒன்றுக்கு 2 டாலர் 75 சென்ட் என்ற விலையில் ஏற்பாடு செய்ய முன்வந்தார். பதினைந்து டாலருக்கும் குறைவாகக் காலணி விற்ற மனிதரின் கணக்கு அதிலும் தெரிகிறது.

2019-இல் அந்த ஃபிளை டிராகன்ஸ் அணியே, ராயல் ஃபைட்டர்ஸ் என்ற புதிய பெயரோடு, அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. சீனாவில் அவருக்கு இருந்த செல்வாக்கு அப்போது குறைந்திருக்கவில்லை. லீக்கை உள்ளும் புறமும் அறிந்தவர், வீரர்களைப் பேசியே எழுப்பக்கூடியவர். ஆனால் பயிற்சியாளராக அவர் எந்தப் பட்டமும் வெல்லவில்லை. அந்த அணியிடம் லீ ஷுவே-லினும் மாரிஸும் போன்றவர்கள் இல்லை. கடைசிக் கால்பகுதியில் நான்கு உள்நாட்டு வீரர்களோடு ஐந்தாவது ஆளாகக் களத்தில் நிற்க மார்பரியாலும் முடியவில்லை.